புதுப்பிப்பு: மலையேற்றம் ஏழைப் பிள்ளைகளுக்குக் கதவு திறக்குமா?

போன இழையில், பாறை ஏற்றமும் மலையேற்றமும் வசதியற்ற பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை தரும் என்று எழுதியிருந்தேன். "ஒருநாள் முகாம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு என்ன?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நான் தன்னம்பிக்கையோடு நிறுத்தியிருக்கக் கூடாது.

மாலாவத் பூர்ணாவைப் பாருங்கள். பழங்குடிக் குடும்பத்துப் பெண். அரசு உறைவிடப் பள்ளி மாணவி. 2014 மே 25 அன்று, 13 வயதில் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். ஆனால் அது ஒரே நாளில் நடந்ததல்ல. தெலங்கானாவின் போங்கீர் பாறையில் தொடங்கி மாதக்கணக்கில் பயிற்சி. பள்ளியே பின்னால் நின்றது. அந்தத் தொடர்ச்சிதான் முக்கியம் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

இன்னொன்று, பிழைப்பு. உயரமான கட்டடங்களிலும் காற்றாலைகளிலும் கயிற்றில் தொங்கியபடி பழுதுபார்க்கும் வேலைக்கு, ஐராட்டா (IRATA) என்ற பன்னாட்டுக் கயிற்று வேலைச் சங்கத்தின் சான்றிதழ் உண்டு. 18 வயது முடிந்திருக்க வேண்டும். மூன்று நிலைகள், முதல் நிலையிலிருந்து இரண்டாவதுக்குப் போக, குறைந்தது ஓராண்டும் 1,000 மணி நேரக் கயிற்று வேலையும் தேவை. முடிச்சுப் போடவும் கயிற்றைச் சோதிக்கவும் பழகிய பிள்ளைக்கு இது அந்நியமான உலகம் இல்லை. பயிற்சிக் கட்டணம்தான் தடை. முகாம் நடத்துபவர்களே, படம் எடுக்கும் செலவைக் குறைத்து, இரண்டு பேருக்காவது அந்தக் கட்டணத்தைக் கட்டுங்கள்.