1000 கி.மீ.க்கு 300 மில்லி ஆயில் குறையுது: கெட்டி ஆயில் ஊத்தலாமா?

தக்கலை_125: 125 சிசி பைக், 48,000 கி.மீ. ஓடியிருக்கு. குலசேகரம்–நாகர்கோவில் தினசரி ஓட்டம். ஒழுகல் இல்ல. மேனுவல்ல 10டபிள்யூ-30 ஆயில்னு இருக்கு. அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊத்தினா குறையுறது நிக்குமா அண்ணே?

ஸ்பேனர்: முதல்ல ஆயில் அளவைச் சரியா பாருங்க. சமதளத்துல சென்டர் ஸ்டாண்ட், 3 நிமிஷம் ஓடவிட்டு அணைச்சு, இன்னொரு 3 நிமிஷம் பொறுக்கணும். பல வண்டிகள்ல டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவுக் குச்சி) திருகாம வச்சுத்தான் பாக்கணும். திருகினா கூடுதலா காட்டும்.

பழைய_போர்: புகை எப்ப வருது? காலையில ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலமா வந்து அடங்கினா வால்வ் சீல் (வால்வ் வழியா ஆயில் உள்ள இறங்காம தடுக்குறது), சின்ன செலவுதான். ஏத்தத்துல முறுக்கும்போது விடாம வந்தா பிஸ்டன் ரிங் அல்லது போர் (பிஸ்டன் ஓடுற சிலிண்டர் உள்சுவர்) தேய்மானம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள வர்ற அழுத்தம்) பாத்துட்டு, ஸ்பார்க் பிளக் துளையில 5 மில்லி ஆயில் விட்டு மறுபடி பாருங்க. அழுத்தம் நல்லா ஏறினா ரிங் தேய்மானம். கெட்டி ஆயில் தேஞ்ச ரிங்கை வளர்க்காது மக்கா!

ஸ்பேனர்: அதேதான். மேனுவல் அனுமதிச்சா 20டபிள்யூ-40 வரை போகலாம். டப்பாவுல ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (பைக் கிளட்ச்சுக்கு ஏத்த ஆயில்ங்கிற தரக் குறியீடு) இருக்கணும். கார் ஆயில் விட்டா கிளட்ச் வழுக்கலாம்.

தக்கலை_125: ஏத்தத்துலதான் புகை. கம்ப்ரஷன் பாக்கச் சொல்றேன்.

பழைய_போர்: அதுவரை 300 கி.மீ.க்கு ஒருக்கா டிப்ஸ்டிக் பாருங்க.