மாநகராட்சிக்குப் பல்லாவரம் பெயரைத்தானே வைத்திருக்க வேண்டும்?

மலைமேடு:
தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளோடு ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். அப்போதிருந்தே எனக்கு இது மனக்குறை. 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில்தான் கற்கோடரியை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது. மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் இங்கேதான் இருக்கிறது. அங்கே அவனுடைய பட்டப்பெயர்களை வெட்டி வைத்திருக்கிறான். இன்று அது தர்காவாக இருக்கிறது, அந்த இடத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. இத்தனை பழைய ஊரின் பெயர் வெறும் மண்டலப் பெயராகச் சுருங்கலாமா?

தண்டவாளம்:
ஐயா, கோடரி செய்தவனுக்கும் இன்று பல்லாவரம் ஸ்டேஷனில் இறங்குகிறவனுக்கும் என்ன தொடர்பு? நடுவில் லட்சக்கணக்கான ஆண்டுகள் கிடக்கின்றன. புறநகரின் வரலாறு என்றால், அது எப்படிப் புறநகர் ஆனது என்பதுதான். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே குடியிருக்கலாம் என்று ஆனதே அதனால்தான். அந்தப் பாதை முடிந்த இடம் தாம்பரம். அந்தப் பெயர் வைத்ததில் எனக்குத் தவறு தெரியவில்லை.

மலைமேடு:
ரயிலுக்கு முன்னால் இங்கே வெறும் பொட்டல் இருந்தது போலப் பேசுகிறீர்கள். மறைமலையடிகள் 1911-ல் சென்னை கிறித்தவக் கல்லூரி வேலையை விட்டுப் பல்லாவரம் வந்தார். தனித்தமிழ் இயக்கம் 1916-ல் பிறந்தது இந்த ஊரில்தான். அவர் விட்டு வந்த அதே கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கே குடிபெயர்ந்தது. நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

நாகல்கேணி:
இரண்டு பேரும் எங்களை விட்டுவிட்டீர்கள். குரோம்பேட்டை என்ற பெயர் எங்கிருந்து வந்தது? 1912-ல் சேம்பர்ஸ் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியிலிருந்து. ஒரு தொழிற்சாலையே ஊருக்குப் பெயராகிவிட்டது. என் அப்பா தோல் பதனிடும் டேனரியில் முப்பது வருஷம் வேலை பார்த்தார். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். தோலை ஊறவைத்த குரோமியத் தண்ணீர் நிலத்தில் இறங்கி, எங்கள் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. சின்ன வயதில் குடத்தை எடுத்துக்கொண்டு லாரித் தண்ணீருக்குக் காத்திருந்ததுதான் எனக்கு நினைவு. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் பிற்பாடுதான் வந்தது. மண்ணுக்குள் இறங்கிய குரோமியம் அதற்காகத் திரும்பி வருமா? ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் பல்லவனிலிருந்து நேரே மறைமலையடிகளுக்குத் தாவிவிடுகிறார்கள். அப்பா மாதிரி ஆட்களுக்கு அதில் ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

தண்டவாளம்:
நான் சொல்ல வந்ததும் இதுதான் அக்கா. உழைத்த மக்கள்தான் இந்த ஊரை உண்டாக்கினார்கள்.

நாகல்கேணி:
இல்லை தம்பி, உங்களோடும் முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. நகரத்துக்கு வேலைக்குப் போனவர்களைப் பற்றித்தான் நீங்கள் பேசுகிறீர்கள். எங்கள் ஆட்கள் ரயில் ஏறவே இல்லை. வேலையும் இங்கே, வியாதியும் இங்கே.

ஏரிக்கரை:
நடுவில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். மலைமேடு ஐயா, அந்தக் கோடரி எங்கே கிடைத்தது தெரியுமா? கன்டோன்மென்ட் ராணுவ மைதானத்தில், சரளைக்காக வெட்டிய ஒரு சின்னக் குழியில். குழிக்கு வெளியே கொட்டியிருந்த மண்ணில்தான் ஃபூட் அதைப் பார்த்தார். பட்டாளம் இங்கே வந்து நிலத்தை வெட்டாமல் இருந்திருந்தால் அந்தக் கல் அன்றைக்கு வெளியே வந்திருக்காது. உங்கள் பழைய வரலாறு கைக்குக் கிடைத்ததே வெள்ளைக்காரன் முகாம் போட்டதால்தான். வெள்ளிக்கிழமைச் சந்தையும் கன்டோன்மென்ட் காலத்துப் பழக்கம்தான்.

அப்புறம் பெரிய ஏரி. ஊருக்குத் தண்ணீர் கொடுத்த ஏரியின் நடுவிலேயே துரைப்பாக்கம் சாலையைப் போட்டு இரண்டாகப் பிளந்தார்கள். ஒரு பக்கம் குப்பை மலையாகக் குவிந்தது. மாநகராட்சிக்கு எந்தப் பெயர் வைத்தாலும் அந்த ஏரிக்கு என்ன லாபம்?

மலைமேடு:
குழி விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். அதை நான் இப்படி யோசித்ததில்லை. ஆனால் பெயரால் லாபமில்லை என்பதை ஏற்க மாட்டேன். பெயர் பலகையில் இருந்தால்தான் ஒரு பிள்ளையாவது ‘ஏன் பல்லாவரம்?’ என்று கேட்கும். நாகல்கேணி அம்மா, உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார், எந்த வருஷம் சேர்ந்தார் என்று விரிவாக எழுதுங்களேன். வாசிக்க நான் காத்திருக்கிறேன்.

நாகல்கேணி:
எழுதுகிறேன் ஐயா. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர் கை வெந்தது அங்கேதான்.