பல் கலர் ஃபில்லிங் ஏன் கழன்று விழுகிறது?

பென்னாகரத்தான்:
வணக்கமுங்க. ஊர் பென்னாகரம் பக்கம், வேலை திருப்பூரில். முன்பல் ஓரம் உடைந்ததற்குப் பல் கலரிலேயே அடைத்தார்கள், ஒரு வருசம் கூட நிற்கவில்லை, கொய்யாக்காய் கடிக்கும்போது பொட்டென்று கையோடு வந்துவிட்டது. ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன்னால் போர் தண்ணீர் குடித்து வளர்ந்த பல், பழுப்புத் திட்டு நிறைய உண்டு. அதனாலா? நீலமாக எதையோ தடவினார்கள், கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள், அப்புறம் ஏதோ பூசி லைட் காட்டினார்கள். அந்தப் பசை மட்டமானதா?

ஈரோடு பல் டாக்டர்:
நீலமாக இருந்தது பசை இல்லைங்க, ஆசிட். பாஸ்பாரிக் ஆசிட், 37 சதவீதம் வாக்கில் இருக்கும். பல்லின் மேல் ஓடான எனாமலில் 15 முதல் 30 விநாடி வைத்துக் கழுவினால் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும், காயவைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருக்கும். அடுத்துப் பூசுகிற பாண்டிங் என்ற ஒட்டுப் பசை அந்தக் குழிகளில் இறங்கி நீல லைட்டில் இறுகிக்கொள்கிறது, பிடிப்பே அதுதான். 1955-ல் அமெரிக்காவில் புவோனோகோர் என்பவர் சொன்ன வழி, அவர் வைத்தது 85 சதவீத ஆசிட்!

உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். போர் தண்ணீரில் இருக்கிற ஃபுளோரைடு ஏறிய எனாமலின் மேற்பரப்பு ஆசிட்டுக்கு லேசில் மசியாது. மேலாக ஒரு தேய் தேய்த்துவிட்டு, ஆசிட்டைக் கூடுதல் நேரம் வைக்க வேண்டியிருக்கும். தர்மபுரிப் பக்கத்துப் பல் என்றால் நான் வெளுத்ததா என்று பார்க்காமல் பாண்டிங்கைத் தொடமாட்டேன்.

எனாமலுக்கு உள்ளே இருக்கிற டென்டின் இதைவிட வம்பு பிடித்தது. ஆசிட் பட்டால் கொலாஜன் என்ற புரத நார் வலை மட்டும் மிஞ்சும். காற்றடித்து ஒரேயடியாகக் காயவைத்தால் வலை படுத்துக்கொள்ளும், பாண்டிங் உள்ளே போகாது. தண்ணீர் தேங்கினாலும் போச்சு. இப்போது எம்டிபி என்ற பொருள் கலந்த பாண்டிங் வருகிறது, அது பல்லின் கால்சியத்தையே பிடித்துக்கொள்ளும்.

ஆனால் ஒன்று கேட்கணும். கொப்பளித்துத் துப்பியது ஆசிட் வைத்த பிறகா?

கோபிக்காரி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். எங்கள் வீட்டில் பல்வலி என்றாலே கிராம்புத் தைலம்தான். அதை வைத்துவிட்டுப் போனால் ஃபில்லிங் பிடிக்காது என்கிறார்களே, நெசமா?

ஈரோடு பல் டாக்டர்:
நெசந்தானுங்க அம்மணி. தைலத்தில் இருக்கிற யூஜினால் என்ற பொருள், பாண்டிங்கிலும் ஃபில்லிங்கிலும் இருக்கிற ரெசின் இறுகுவதைக் கெடுக்கும். வைத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், நன்றாகத் துடைத்தெடுத்துவிட்டு அடைப்பார்.

பென்னாகரத்தான்:
ஆமாங்க, ஆசிட் வைத்த பிறகுதான் துப்பினேன். அது தப்பா?

ஈரோடு பல் டாக்டர்:
அங்கேதான் போயிருக்கும். அரித்த இடத்தில் எச்சில் பட்டால் அதிலிருக்கிற புரதம் குழிகள் மேல் படிந்துவிடும், மறுபடி ஆசிட் வைத்துத்தான் ஆகணும். கழுவுகிற தண்ணீரைக் குழாயால் உறிஞ்சி எடுப்பதுதான் முறை, வாயை மூடவே விடக்கூடாது. அடுத்த முறை ரப்பர் டேம் போட்டு அடைக்கச் சொல்லிக் கேளுங்கள், ரப்பர் ஷீட்டில் ஓட்டை போட்டுப் பல்லை மட்டும் வெளியே நீட்டி வைப்பார்கள். கொஞ்சம் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.