இறால் குட்டையிலிருந்து கைப்பேசித் திரை வரை: நாங்கள் தேர்ந்தெடுத்த நெறிமுறைகள்

கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டிய ஓர் இறால் பண்ணைக்காக, குட்டை நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் அளவை உடனுக்குடன் காட்டும் வலைச்செயலி ஒன்றை உருவாக்கினோம். இரவில் ஒளிச்சேர்க்கை நின்றுவிடுவதால் ஆக்சிஜன் குறைந்துகொண்டே வந்து, விடியலுக்குச் சற்று முன்பு மிகவும் தாழ்ந்துவிடும். நீரில் காற்றைக் கலக்கும் கருவியான ஏரேட்டரைக் கூடுதலாக ஓட விடுவதா என்பதைப் பண்ணைக்காரர் அந்த நேரத்தில் கைப்பேசியைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.

கணினிகளும் கருவிகளும் தகவல் பரிமாறிக்கொள்வதற்கான விதித்தொகுப்பான நெறிமுறை (புரோட்டோகால்) பற்றிப் பேச்செடுத்ததும் பலரும் வெப்சாக்கெட்டையே சொன்னார்கள். 2011-இல் ஆர்எஃப்சி 6455 என்ற இணையத் தர ஆவணமாக வெளியான அது, இரு தரப்பும் ஒரே இணைப்பில் இடைவிடாது பேசிக்கொள்ளும் அரட்டைச் செயலி போன்றவற்றுக்கு மிகவும் ஏற்றது. எங்கள் திரையோ பெரும்பாலும் கேட்டுக்கொண்டு மட்டுமே இருக்கிறது. மேலும், இணைப்பு அறுந்தால் மறுபடி இணைவதற்கான நிரலை வெப்சாக்கெட்டில் நாமேதான் எழுத வேண்டும். சர்வரிலிருந்து உலாவிக்கு ஒருவழியாகத் தகவல் அனுப்பும் சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸில் உலாவி தானாகவே மீண்டும் இணைந்து, கடைசியாகப் பெற்ற நிகழ்வின் அடையாள எண்ணையும் சர்வருக்குத் தெரிவித்துவிடும். விடுபட்ட அளவீடுகளை அங்கிருந்து தொடர்ந்து கொடுத்தால் போதும். டவர் வருவதும் போவதுமாக இருக்கும் இடத்தில் இந்த ஒரு வசதிக்காகவே அதைத் தேர்ந்தெடுத்தோம். என்ஜின்எக்ஸ் என்னும் வலைச் சர்வர் மென்பொருள் வழியாக அனுப்புவோர், தகவலைச் சேர்த்து வைத்து அனுப்பும் அதன் பஃபரிங்கை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் அளவீடுகள் தேங்கி நின்று மொத்தமாக வந்து விழும். வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் நெறிமுறையான எச்டிடிபியின் 1.1 பதிப்பில் ஒரு தளத்துக்கு உலாவி பொதுவாக 6 இணைப்புகளையே அனுமதிப்பதால், பல டேப்களைத் திறந்து வைப்பவர்களுக்கு ஒரே இணைப்பில் பல கோரிக்கைகளைக் கையாளும் எச்டிடிபி 2 அவசியம்.

சென்சாரிலிருந்து சர்வர் வரையிலான பாதைக்கு எம்கியூடிடி. எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் 1999-இல் வடிவமைத்த நெறிமுறை அது. சிறிய செய்திகளில் அதன் நிலையான தலைப்புப் பகுதி 2 பைட்டுகளிலேயே அடங்கிவிடும் என்பதால் மெலிந்த இணைப்புக்கும் தாங்கும். ஆனால் நான் பெரிதாக மதிப்பது அதன் 'லாஸ்ட் வில்' வசதியைத்தான். சென்சார் சொல்லாமல் துண்டித்துக்கொண்டால், அது முன்கூட்டியே கொடுத்து வைத்த செய்தியை, செய்திகளை வாங்கி உரியவர்களுக்கு அனுப்பும் இடைச் சர்வரான புரோக்கர் வெளியிடும். உடனே எங்கள் திரையில் எண் சாம்பல் நிறமாகி, கடைசி அளவீட்டின் நேரம் அதன் கீழே தோன்றும். நள்ளிரவில் பதிவான லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்ற அளவு விடியற்காலையிலும் பச்சை நிறத்தில் நிற்குமானால், அதை நம்பி ஒரு குட்டையையே இழக்க நேரிடும்.

ஏரேட்டரை இயக்கும் பொத்தானுக்குச் உலாவி சர்வருக்குத் தகவல் அனுப்பும் சாதாரண போஸ்ட் கோரிக்கையே போதுமானதாக இருக்கிறது. அந்தக் கட்டளை சர்வரிலிருந்து கருவிக்கு எம்கியூடிடியின் கியூஓஎஸ் 1 தரத்தில், அதாவது செய்தி குறைந்தது ஒருமுறையாவது சேரும் வகையில், செல்கிறது. அந்தத் தரத்தில் ஒரே செய்தி இருமுறை வந்து சேரவும் கூடும் என்பதால், கட்டளையை 'நிலையை மாற்று' என்று எழுதாமல் 'ஓடு', 'நில்' என்றே வரையறுத்திருக்கிறோம்.