அழுத்தம் பெற்றோர் தந்ததா, எடை தந்ததா?

பெரம்பூர் வாசகி:
என் பெற்றோர் இருவருக்கும் இரத்த அழுத்தம் உண்டு. 34 வயதில், 82 கிலோ எடையுள்ள எனக்கும் இப்போது 142/92 காட்டுகிறது. இதற்குக் காரணம் மரபணுவா, எடையா?

அடையாறு மருத்துவர்:
சகோதரி, இரண்டையும் பிரித்துப் பார்க்க இயலாது. மனிதருக்கு மனிதர் அழுத்தம் வேறுபடுவதில் ஏறக்குறைய 30 முதல் 50 விழுக்காடு மரபு சார்ந்தது; ஆனால் அது ஒற்றை மரபணுவின் வேலையன்று, நூற்றுக்கணக்கான மாறுபாடுகள் மிகச் சிறிதளவாகச் சேர்ந்து உயர்த்துவது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன், இதயத் துடிப்பையும் இரத்தக் குழாய்களின் இறுக்கத்தையும் கூட்டும் பரிவு நரம்புகளைத் தூண்ட, சிறுநீரகமும் உப்பைத் தேக்கிக்கொள்வதால், மறைந்திருந்த அந்த மரபுச் சாய்வு எடை கூடும்போது வெளிப்பட்டுவிடுகிறது.

மயிலாப்பூர் வாசகர்:
என் தந்தை வழியிலும் இதே கதைதான் அம்மா. ஆறு கிலோ குறைத்து, அப்பளத்தையும் ஊறுகாயையும் விட்ட பின் எனக்கு அழுத்தம் இறங்கியது; ஆயினும் மருத்துவர் சொன்ன மாத்திரையை நான் நிறுத்தவில்லை.

அடையாறு மருத்துவர்:
சரியாகச் செய்தீர்கள். ஒரு கிலோ குறைந்தால் மேல் அளவு ஏறத்தாழ ஒரு புள்ளி இறங்கும்.