வீதியில் பொலிஸ் மறித்தால் ஐசி (அடையாள அட்டை) காட்டியே ஆகவேண்டுமா?

கடலோர ஒழுங்கை (ஞாயிறு, காலை 8.10)

நேற்று இரவு கடை பூட்டிவிட்டுக் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையால் வீட்டுக்கு நடந்து போனேன். கொழும்பு வெள்ளவத்தை. இரண்டு பொலிஸார் மறித்தார்கள். பெயர் கேட்டார்கள், சொன்னேன். எந்தத் தொடர்மாடி என்று கேட்டார்கள், அதையும் சொன்னேன். "ஐடென்டிட்டி எக?" என்றார் ஒருவர். ஏதும் நடந்ததா, எதற்காகப் பார்க்கிறீர்கள் என்று சிங்களத்திலேயே, மரியாதையாகத்தான் கேட்டேன். அதோடு அவருடைய முகம் மாறிவிட்டது.

அட்டையைக் கொடுத்தேன். டோர்ச் அடித்து, திருப்பி, பிறந்த இடம் போட்டிருக்கும் வரியில் பெருவிரலை வைத்துக்கொண்டு "கம யாப்பனேத?" (ஊர் யாழ்ப்பாணமா?) என்றார். அதற்குப் பிறகுதான் கேள்விகள். கொழும்புக்கு எப்போது வந்தது, வீட்டில் யார் யார், வெளிநாட்டில் யார், கடைசியாக ஊருக்குப் போனது எப்போது. முக்கால் மணித்தியாலம் வீதியோரம் நிற்க வைத்தார்கள். அட்டையின் இரண்டு பக்கத்தையும் அவர் தன்னுடைய சொந்தப் போனில் படம் எடுத்தார். அவருடைய பெயரைக் கேட்டேன். பதில் இல்லை.

என் நிலைப்பாட்டை நேராகவே சொல்கிறேன். குற்றம் ஏதும் செய்யாமல் வீதியில் போகிற ஒருவருக்கு, மறித்த காரணம் சொல்லப்படும்வரை தான் யாரென்று சொல்லாமல் இருக்க உரிமை இருக்க வேண்டும். மறுப்பவர்கள் ஏன் என்று எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற சார்ஜன்ட் (காலை 9.02)

தம்பி, சொந்தப் போனில் படம் எடுத்தது பிழை. பெயர் சொல்லாமல் போனதும் பிழை. அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் அங்கிருந்து "நான் யாரென்று சொல்லமாட்டேன்" என்ற இடத்துக்கு வருவதை ஏற்கமாட்டேன்.

நான் இந்த நகரத்தில் காக்கி போட்டு இரவு ரோந்து போனவன். நடுச்சாமத்தில் ஒழுங்கைக்குள் நடக்கிறவர் வீட்டுக்குப் போகிறாரா, வீடு உடைக்கப் போகிறாரா என்று நெற்றியில் எழுதியிருக்காது. ஒரு கேள்வி, ஒரு பதில், அட்டையைப் பார்த்துவிட்டு "சரி, போங்கோ". பெரும்பாலும் அவ்வளவுதான். 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டப்படி இந்த நாட்டில் அட்டை எடுப்பது கடமை. அலுமாரிக்குள் பூட்டி வைக்கவா அதைத் தருகிறார்கள்? பெயர் சொல்ல மறுக்கிறவரைப் பார்த்தால் எந்தப் பொலிஸ்காரனுக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

புதுக்கடைச் சட்டமாணவி (காலை 10.26)

ஐயா, உங்கள் கடைசி வரியில்தான் சிக்கல். மறுப்பதே சந்தேகத்துக்குக் காரணம் என்றால், கேட்கத் தொடங்குவதற்கு எந்தக் காரணமும் தேவையில்லை என்றாகிவிடும். எவரையும் மறிக்கலாம், மறுத்தால் சந்தேகநபர்.

1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை அப்படி எழுதப்படவில்லை. பிடியாணை இல்லாமல் கைது செய்ய எப்போது முடியும் என்பதை 32 ஆம் பிரிவு சொல்கிறது. நியாயமான முறைப்பாடு, நம்பத்தகுந்த தகவல், நியாயமான சந்தேகம் என்று ஏதாவது இருக்க வேண்டும். பெயர் சொல்ல மறுப்பவரைப் பற்றி 33 ஆம் பிரிவு பேசுகிறது. பிடியாணை தேவைப்படும் சிறிய குற்றம் ஒன்றைச் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் பெயரையும் வதிவிடத்தையும் சொல்ல மறுத்தால், அல்லது பொய் சொல்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், உண்மையைக் கண்டறியக் கைது செய்யலாம். கவனியுங்கள், அங்கேயும் முதலில் குற்றச்சாட்டு, அதற்குப் பிறகுதான் பெயர். கைது செய்தால் காரணம் சொல்லியாக வேண்டும் என்று அரசியலமைப்பின் 13(1) ஆம் உறுப்புரை சொல்கிறது.

வாகனம் ஓட்டுகிறவருடைய கதை வேறு. அவர் சாரதி அனுமதிப்பத்திரத்தைக் காட்டியே ஆகவேண்டும். கடலோர ஒழுங்கை நடந்துதான் போயிருக்கிறார்.

கொச்சிக்கடைக்காரன் (காலை 11.15)

சட்டப் பிரிவு பேசுவது லேசு. 2019 ஏப்ரல் 21 அன்று அந்தோனியார் கோவிலுக்குப் பூசைக்குப் போன என் மாமி வீட்டுக்கு வரவில்லை. அன்று முதுகில் குண்டுப் பையோடு உள்ளே வந்தவனை ஒருவர், ஒரேயொருவர், மறித்து "நீ யார்" என்று கேட்டிருந்தால்? நீங்கள் உரிமை என்று சொல்வது எனக்கு அந்தப் பையாகத்தான் தெரிகிறது.

2025 பெப்ரவரியில் புதுக்கடையில், நீதிமன்றத்துக்குள்ளேயே, சட்டத்தரணி உடுப்பில் வந்தவன் ஒருவரைச் சுட்டுக் கொன்றான். நீதவான் இருக்கிற இடத்திலேயே இப்படி என்றால் எங்கள் ஒழுங்கைகளில் யார் எதைக் கொண்டு திரிகிறார்கள்? என்னை நாளுக்குப் பத்துத் தரம் மறித்தாலும் அட்டையைக் காட்டுவேன். காட்டத்தான் வேண்டும்.

புதுக்கடைச் சட்டமாணவி (மதியம் 12.40)

அண்ணா, உங்கள் மாமிக்காக வருந்துகிறேன். அந்த இழப்பைத் தாண்டி வாதத்தில் வெல்ல நான் வரவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

ஏப்ரல் 21 நடந்தது பெயர் தெரியாததால் என்று சொல்லமுடியாது. பெயர்கள் கையில் இருந்தன. அந்த மாதத் தொடக்கத்திலேயே வெளிநாட்டுப் புலனாய்விலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. மேலே இருந்தவர்கள் அசையவில்லை. அதற்காகத்தான் 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

புதுக்கடைச் சம்பவம் நடந்தபோது நான் அந்த நீதிமன்றத் தொகுதிக்குள் நின்றவள். துப்பாக்கி, உள்ளே வெட்டியெடுத்த சட்டப் புத்தகத்துக்குள் வந்தது. கறுப்புக் கோட்டைப் பார்த்து வழிவிட்டார்கள். புத்தகத்தைத் திறந்து பார்த்திருந்தால் பிடித்திருக்கலாம். வாசலில் பையைச் சோதிப்பதை நான் எதிர்க்கவில்லை. கோவிலிலும் சோதியுங்கள், நீதிமன்றத்திலும் சோதியுங்கள். அதற்கு என் பெயரோ பிறந்த ஊரோ தேவையில்லை.

மாளிகாவத்தை ராத்தா (மதியம் 1.05)

ஏப்ரல் 21-க்குப் பிறகு எங்களுக்கு நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் 29 ஆம் திகதி அவசரகால ஒழுங்குவிதியில் முகம் மூடுவதைத் தடை செய்தார்கள். அடையாளம் காணத் தடையாக இருக்கக்கூடாது என்பதுதான் காரணம். நான் முகம் மூடுகிறவள் இல்லை, தலையை மட்டும்தான் மறைக்கிறேன். அதையும் கழற்று என்று வாசலில் நிற்கும் காவலாளி வரை சொல்லத் தொடங்கினார். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நடு வரிசையில் நின்று அதைக் கேட்டேன்.

பெண் பொலிஸ் தனியாகக் கூட்டிப்போய்ப் பார்த்தால் நான் மறுக்கமாட்டேன். யார் கேட்கலாம், எங்கே கேட்கலாம், எதற்காகக் கேட்கலாம் என்ற எல்லை எழுத்தில் இருக்க வேண்டும். எல்லை இல்லாவிட்டால் வழியில் நிற்கிறவன் எல்லாம் பொலிஸாகிவிடுகிறான்.

ஓய்வுபெற்ற சார்ஜன்ட் (பிற்பகல் 2.30)

மகளே (சட்டமாணவியைத்தான் சொல்கிறேன்), உரிமைக்கு எல்லோரும் உதாரணம் காட்டும் அமெரிக்காவில் என்ன நடந்தது? நெவாடாவில் ஹைபல் என்றொருவர், வீதியோரம் நின்று பெயர் சொல்ல மறுத்தார். கைது செய்தார்கள், அபராதமும் போட்டார்கள். வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் 2004-இல் அவர் தோற்றார். பெயர் கேட்பது பொலிஸின் சாதாரண வேலை என்பதை அங்கேயே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

புதுக்கடைச் சட்டமாணவி (பிற்பகல் 3.12)

அந்தத் தீர்ப்பு எங்களுக்கும் பாடத்தில் வருகிறது ஐயா. ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் வந்தது. முழுதாகப் பார்த்தால் அது என் பக்கத்துக்குத்தான் வலு. ஒரு தாக்குதல் பற்றித் தொலைபேசியில் முறைப்பாடு வந்து, அதைத் தேடிப் போன பொலிஸ் அதிகாரிதான் ஹைபலிடம் பெயர் கேட்டார். அதாவது முதலில் நியாயமான சந்தேகம் இருந்தது. பெயரைச் சொன்னால் போதும், ஆவணம் காட்ட வேண்டியதில்லை என்ற அடிப்படையில்தான் நீதிமன்றம் அந்த மாநிலச் சட்டத்தை ஏற்றது. சந்தேகத்துக்கு அடிப்படையே இல்லாமல் ஒருவரை நிறுத்தி அடையாளம் கேட்க முடியாது என்று அதே நீதிமன்றம் 1979-இல், டெக்சாஸ் வழக்கொன்றில், முன்பே சொல்லியிருந்தது.

கடலோர ஒழுங்கை பெயரும் சொன்னார், முகவரியும் சொன்னார். ஹைபல் வழக்கின் அளவுகோலை வைத்தாலும் அதற்கு மேல் அவரிடம் கேட்க ஒன்றுமில்லை.

கடலோர ஒழுங்கை (பிற்பகல் 3.40)

இங்கிலாந்துக் கதையையும் சேர்க்கிறேன். போர்க்காலத்தில், 1939-இல், அங்கே அடையாள அட்டை கொண்டுவந்தார்கள். போர் முடிந்தும் பொலிஸ் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தது. 1950 டிசம்பரில் வில்கொக் என்பவர் கார் ஓட்டிப் போகும்போது அட்டையைக் காட்ட மறுத்தார். குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது, ஆனால் தண்டனை இல்லை. போருக்காகச் செய்த சட்டத்தை வழமையாகப் பயன்படுத்துவது நல்ல மக்களைப் பொலிஸுக்கு எதிராகத் திருப்பிவிடும் என்று பிரதம நீதியரசரே கண்டித்தார். 1952-இல் அட்டையே ஒழிக்கப்பட்டது. நமக்கு 1865 ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தைத் தந்துவிட்டுப் போன நாடு அது. அந்தச் சட்டத்தின் 76 ஆம் பிரிவை வைத்துத்தான் இன்றைக்கும் வீட்டில் இருப்பவர்களின் விபரம் கேட்டுப் படிவம் கொடுக்கிறார்கள்.

ஆமர்வீதிக் கடைப்பொடியன் (மாலை 5.20)

அண்ணன்மாரே, நான் அட்டன் பக்கத் தோட்டத்துல பொறந்தவன். இங்க மொத்தக் கடையில நிக்கிறேன். எங்க அப்பாவுக்குப் பொறப்புச் சான்றிதழ் இல்லாததால ரொம்ப வருசம் ஐசியே இல்ல. ஐசி இல்லாத மனுசன் கொழும்புக்கு வந்தா என்னா நடக்கும்னு எங்க லயத்துல எல்லாருக்கும் தெரியும். அதனால எனக்கு ஐசி கெடைச்ச நாள் பெரிய நாள். சட்டைப் பையில வச்சுக்கிட்டுத்தான் தூங்குவேன்.

நீங்க பேசுறது நியாயம்தான். ஆனா "எதுக்குக் கேக்குறீங்க"ன்னு கேக்க எனக்குச் சிங்களமும் பத்தாது, தைரியமும் பத்தாது. ராத்திரி ஸ்டேசன்ல ஒக்கார வச்சா அடுத்த நாள் சம்பளம் போயிரும், முதலாளி வேலைய விட்டும் நிப்பாட்டுவாரு. சட்டம் தெரிஞ்சவங்க மட்டும் பாவிக்கிற உரிமைய வச்சு நாங்க என்னா செய்ய? காட்டிட்டுப் போறதுதான் எங்களுக்குப் பாதுகாப்பு.

புதுக்கடைச் சட்டமாணவி (மாலை 5.48)

தம்பி, கேட்கத் தைரியம் இல்லாதவருக்காகத்தான் காரணம் சொல்லும் கடமை பொலிஸ் பக்கம் இருக்க வேண்டும். நீங்கள் கேட்காமலேயே அவர்கள் சொல்ல வேண்டும். தன் பெயர், பதவி, மறித்த காரணம். நீங்கள் அட்டை காட்டுவதை யாரும் குறை சொல்லமுடியாது.

லொட்ஜ்காரன் மகன் (இரவு 7.30)

காட்டினால் பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

அப்பா கொட்டாஞ்சேனையில் லொட்ஜ் நடத்தினவர். நீளமான பதிவுப் புத்தகம், சிவப்புக் கோடு போட்டது. பெயர், ஐசி இலக்கம், ஊர், வந்த காரணம். ஒருவர் வந்தால் அன்றைக்கே பொலிஸுக்குப் பதிவு. அந்தப் பதிவுத் துண்டை மடித்து ஐசிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் வடக்கு கிழக்கில் கொடுத்த ஐசியில் தமிழும் இருக்கும், தெற்கில் கொடுத்ததில் சிங்களம் மட்டும். எட்டி நின்று பார்த்தாலே ஆள் எந்தப் பக்கம் என்று தெரியும்.

2007 ஜூன் 7 விடியப்புறம் பொலிஸார் வந்தார்கள். பதிவு செய்யாத ஆட்களையா பிடித்தார்கள்? எங்கள் லொட்ஜில் இருந்த எல்லோரும் பதிவு செய்தவர்கள். வைத்தியத்துக்கு வந்த அம்மா, வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்த பெடியன், கல்யாண அலுவலாக வந்த குடும்பம். துண்டைத் தூக்கிக் காட்டிக் காட்டி நின்றார்கள். அப்படியே பஸ்ஸில் ஏற்றினார்கள். கொழும்பு முழுக்க 376 பேரை வவுனியாவுக்கும் வடக்கு கிழக்கின் வேறு இடங்களுக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடை போட்டது, பிறகு அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்கவே மன்னிப்புக் கேட்டார்.

அவர்கள் செய்த ஒரே காரியம், கேட்டபோதெல்லாம் ஒழுங்காகத் தாங்கள் யாரென்று சொன்னது. பட்டியல் தயாராக இருந்ததே அதனால்தான்.

கொச்சிக்கடைக்காரன் (இரவு 8.02)

2007 அநியாயம். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த அநியாயத்தைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கு ஒரு கொலைகாரன் ஒளிந்துகொள்ள வழி செய்யக்கூடாது. என் மனம் மாறவில்லை.

ஓய்வுபெற்ற சார்ஜன்ட் (இரவு 8.45)

லொட்ஜ்காரன் மகன் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அந்த நாட்களில் நானும் சேவையில் இருந்தவன். மேலிடத்துக் கட்டளை அது. அதற்கு மேல் இங்கே எழுத எனக்கு மனம் இல்லை.

ஆனாலும் மறிக்கிற ஒவ்வொருவருக்கும் காரணம் சொல்லித்தான் பெயர் கேட்க வேண்டும் என்றால் இரவு ரோந்து நடக்காது. பெயர் கேட்கலாம், அட்டையும் பார்க்கலாம் என்பதே என் முடிவு. ஊர் கேட்பதும் படம் எடுப்பதும் கூடாது. பிறந்த இடத்தை வைத்து ஒரு குற்றத்தையும் துப்புத்துலக்க முடியாது.

தம்பி, நீங்கள் முறைப்பாடு செய்வதானால் செய்யுங்கள், நான் தடுக்கமாட்டேன். அவர் பெயர் சொல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். ரோந்துக்கு வெளியே போகும்போது நிலையத்துத் தகவல் புத்தகத்தில் யார் யார், எத்தனை மணிக்கு, எங்கே என்று பதிந்துவிட்டுத்தான் போக வேண்டும். திரும்பி வந்ததும் பதிய வேண்டும். இடத்தையும் நேரத்தையும் சரியாக எழுதினால் ஆள் மறைய முடியாது. சாதாரண உடுப்பில் இல்லாமல் சீருடையில் நின்றார்களா? சீருடை என்றால் இலக்கம் இருக்கும்.

கடலோர ஒழுங்கை (இரவு 9.20)

சீருடைதான் ஐயா. இலக்கத்தின் கடைசி இரண்டு எண்கள் ஞாபகம் இருக்கிறது.

புதுக்கடைச் சட்டமாணவி (இரவு 9.31)

அதை இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள் அண்ணா. அடிப்படை உரிமை வழக்கு என்றால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. அவசரத்துக்கு அவர்களின் இலக்கம் 1996. போனில் எடுத்த படத்தை அழிக்கச் சொல்லியும் முறைப்பாட்டில் கேளுங்கள், எல்லோரும் அதை விட்டுவிடுகிறார்கள்.

கடலோர ஒழுங்கை (இரவு 9.44)

நாளை காலை கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஆணைக்குழுவுக்குப் போகிறேன். சார்ஜன்ட் ஐயா, தகவல் புத்தகத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை முறைப்பாட்டில் எப்படி எழுதுவது என்று காலைக்கு முன் ஒரு வரி போட்டுவிடுங்கள்.