ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக நாடாளுமன்றச் சட்டம் தேவை என்ற தீர்ப்பு: மக்கள் கொண்ட கோபத்தில் நியாயம் உண்டா?

கேள்வி (செந்தூல் வாசகர், கோலாலம்பூர்)

அனைவருக்கும் வணக்கம். பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரி 24 அன்று வழங்கிய பிரெக்சிட் தீர்ப்பைப் பற்றி எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வாசகர் வட்டத்தில் பேச்சு எழுந்தபோது, கருத்துகள் இரண்டாகப் பிரிந்துவிட்டன. 2016 ஜூன் 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 51.9 விழுக்காட்டினர் விலக வேண்டும் என்று வாக்களித்துவிட்ட நிலையில், நாடாளுமன்றம் சட்டம் இயற்றினால்தான் விலகல் அறிவிப்பைக் கொடுக்க முடியும் என்று நீதிபதிகள் கூறியது மக்களின் தீர்ப்பைத் தள்ளிவைப்பதற்கு ஒப்பாகும் என்றார் ஒருவர். அரசாங்கத்தின் கையில் இல்லாத அதிகாரத்தை அது எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதைத்தான் நீதிமன்றம் சொன்னது என்றார் மற்றொருவர். அக்காலத்தில் பிரிட்டிஷ் நாளேடுகளில் வந்த சீற்றத்தை நானும் படித்திருக்கிறேன். ஆனால் சட்டக் காரணம் எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. இதே கேள்வி மலேசியாவில் எழுந்தால் விடை என்னவாக இருக்கும் என்பதையும் விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 (வழக்கறிஞர், ஜார்ஜ்டவுன்)

செந்தூல் நண்பருக்கு வணக்கம். அந்த வழக்கில் நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி மிகக் குறுகியது: விலகல் அறிவிப்பைக் கொடுக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு? விலகுவது நல்லதா கெட்டதா என்பதைப் பற்றி எந்த நீதிபதியும் ஒரு சொல்கூடக் கூறவில்லை. கூறப்போவதில்லை என்பதை முதலில் விசாரித்த உயர் நீதிமன்றம், பிறகு விசாரித்த உச்ச நீதிமன்றம் ஆகிய இரண்டும் வெளிப்படையாகவே எழுதிவைத்தன.

பிரிட்டனில் வெளிநாட்டு ஒப்பந்தங்களைச் செய்யவும் அவற்றிலிருந்து விலகவும் அமைச்சர்களுக்கு முடியின் தனியதிகாரம் உண்டு. ஒருகாலத்தில் மன்னரே செலுத்திய அந்த அதிகாரத்தை இன்று அமைச்சர்கள் முடியின் பெயரால் செலுத்துகிறார்கள். ஒப்பந்தம் என்பது நாடுகளுக்கு இடையிலான ஏற்பாடு. அது உள்நாட்டுச் சட்டத்தைத் தொடாது என்ற நம்பிக்கையின் மீதே அந்த அதிகாரம் நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலை வேறு. 1972ஆம் ஆண்டின் ஐரோப்பிய சமூகங்கள் சட்டத்தின் மூலம் நாடாளுமன்றமே ஐரோப்பியச் சட்டத்தை உள்நாட்டுச் சட்டத்தின் ஊற்றுகளில் ஒன்றாக ஆக்கியிருந்தது. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை முதல் பல உரிமைகள் அதன் வழியே குடிமக்களுக்குக் கிடைத்திருந்தன. விலகினால் அந்த ஊற்று அடைபடும், உரிமைகள் போகும். நாடாளுமன்றம் சட்டத்தால் கொடுத்ததை அமைச்சர் ஒரு கடிதத்தால் பறிக்க முடியாது என்பதே எட்டு நீதிபதிகளின் முடிவின் சாரம். மூவர் உடன்படவில்லை. பதினொரு நீதிபதிகளும் சேர்ந்து அமர்ந்து உச்ச நீதிமன்றம் விசாரித்த முதல் வழக்கு அதுதான்.

இது நீதிபதிகள் புதிதாகக் கண்டுபிடித்த கொள்கை அன்று. மன்னர் தம் பிரகடனத்தால் நாட்டின் சட்டத்தை மாற்ற முடியாது என்று 1610ஆம் ஆண்டிலேயே எட்வர்ட் கோக் உள்ளிட்ட நீதிபதிகள் கூறிவிட்டார்கள். 1689ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் அதை உறுதிசெய்தது. பொதுவாக்கெடுப்பின் நிலையைப் பற்றியும் நீதிமன்றம் மௌனமாக இருந்துவிடவில்லை. தேர்தல் முறையை மாற்றுவது பற்றி 2011இல் பொதுவாக்கெடுப்பு நடந்தபோது, முடிவு வந்ததும் அமைச்சர் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சட்டமே எழுதிவைத்திருந்தது. 2015ஆம் ஆண்டின் பொதுவாக்கெடுப்புச் சட்டமோ வாக்கெடுப்பு நடத்துவதோடு நின்றுவிட்டது. அதனால் முடிவுக்குப் பெரும் அரசியல் வலிமை இருந்தாலும், சட்ட வலிமையைத் தர நாடாளுமன்றம் ஒருமுறை வாய் திறக்க வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் சட்டமன்றங்கள் இசைவு தர வேண்டுமா என்ற கேள்விக்கு மட்டும், சட்டப்படி தேவையில்லை என்று பதினொருவரும் ஒருமித்துக் கூறினார்கள்.

தீர்ப்பு விலகலைத் தடுத்தது என்பவர்கள் அடுத்து நடந்ததைப் பார்க்க வேண்டும். இரண்டே பிரிவுகள் கொண்ட ஒரு மசோதாவை அரசாங்கம் கொண்டுவந்தது. 2017 பிப்ரவரி 1 அன்று அதன் இரண்டாம் வாசிப்புக்கு மக்களவையில் 498 பேர் ஆதரவாகவும் 114 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். மார்ச் 16 அன்று அரச ஒப்புதல் கிடைத்தது. மார்ச் 29 அன்று அறிவிப்பு கொடுக்கப்பட்டது. மார்ச் முடிவதற்குள் கொடுப்பேன் என்று பிரதமர் தெரேசா மே முன்பே சொல்லியிருந்த தவணை ஒருநாள்கூடத் தள்ளிப்போகவில்லை.

பதில் 2 (பட்டர்வொர்த் வாசகர், பினாங்கு)

வழக்கறிஞர் ஐயாவின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆயினும் கோபப்பட்டவர்கள் அனைவரையும் சட்டம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது என்று கருதுகிறேன். அந்தப் பொதுவாக்கெடுப்பை நடத்தலாம் என்ற மசோதாவின் இரண்டாம் வாசிப்பை 2015 ஜூனில் 544க்கு 53 என்ற வாக்குகளில் ஏற்றது அதே மக்களவைதான். வாக்கெடுப்புக்கு முன்பு வீடு வீடாக அனுப்பிய துண்டறிக்கையில், முடிவு உங்களுடையது, நீங்கள் எடுக்கும் முடிவை அரசாங்கம் செயல்படுத்தும் என்று அரசாங்கமே எழுதியிருந்தது. அதை நம்பி 72.2 விழுக்காட்டினர் வாக்களிக்க வந்தார்கள். விலகலுக்கு ஏறத்தாழ 1 கோடியே 74 லட்சம் பேர் வாக்களித்தார்கள். தங்களிடம் கேட்டு, தாங்கள் பதிலும் சொல்லிவிட்ட பிறகு, இன்னொருவரிடமும் கேட்க வேண்டும் என்று சொன்னால் சாதாரண மனிதனுக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

மாறுபட்ட மூவரில் ஒருவரான ரீட் பிரபு எழுதியதையும் படித்துப் பார்க்க வேண்டுகிறேன். 1972ஆம் ஆண்டின் சட்டம் ஐரோப்பியச் சட்டத்துக்கு உள்நாட்டில் இடம் கொடுத்ததே, பிரிட்டன் அந்த ஒப்பந்தங்களுக்குக் கட்டுப்பட்டிருக்கும் காலம்வரை மட்டும்தான். கட்டுப்பட்டிருக்க வேண்டுமா என்பதைச் சட்டம் தீர்மானிக்கவில்லை, ஆகவே விலகுவதால் சட்டம் மாறுவதாகாது என்பது அவருடைய வாதம். கார்ன்வத் பிரபுவும் ஹியூஸ் பிரபுவும் அவரோடு உடன்பட்டார்கள். எனக்கு இந்த வாதமே வலுவானதாகத் தோன்றுகிறது.

ஆனால் ஒன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்லியாக வேண்டும். 2016 நவம்பர் 3 அன்று உயர் நீதிமன்றம் முதலில் தீர்ப்பளித்த மறுநாள், மூன்று நீதிபதிகளின் படங்களையும் முதற்பக்கத்தில் போட்டு மக்களின் எதிரிகள் என்று டெய்லி மெயில் நாளேடு தலைப்பிட்டதை நான் எந்த வகையிலும் ஏற்கவில்லை. வழக்குத் தொடுத்த ஜினா மில்லருக்கு வந்த மிரட்டல்கள் அதைவிடக் கொடியவை. அவற்றில் ஒன்றுக்காக ஒரு பிரபு 2017இல் 12 வாரச் சிறைத்தண்டனை பெற்றார். தீர்ப்பைத் தவறு என்று சொல்வது குடிமகனின் உரிமை. தீர்ப்பு சொன்னவரைப் பகைவன் என்று ஊருக்குக் காட்டிக்கொடுப்பது அந்த உரிமையில் அடங்காது.

பதில் 3 (கெப்போங் வாசகர், கோலாலம்பூர்)

நீதிபதிகளைப் பகைவர்களாகக் காட்டினால் என்ன ஆகும் என்பதை மலேசியர்களாகிய நமக்கு வேறு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 1988இல் நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்த துன் சாலே அபாஸ் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவர் இடைநீக்கம் செய்யப்பட்டு, அவர்களில் இருவர் பதவியிழந்தனர். அதே ஆண்டில் அரசியலமைப்பின் 121ஆம் பிரிவு திருத்தப்பட்டு, நீதி அதிகாரம் நீதிமன்றங்களிடம் இருக்கிறது என்ற சொற்களே எடுக்கப்பட்டன. அந்த அதிகாரம் நீதிமன்றங்களை விட்டுப் போகவில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொல்ல 2017, 2018 வரை, அதாவது நில எடுப்பு இழப்பீடு பற்றிய செமினி ஜெயா வழக்கும், தம் பிள்ளைகளின் ஒருதலையான மதமாற்றத்தை எதிர்த்து இந்திரா காந்தி என்ற மலேசியத் தாய் தொடுத்த வழக்கும் வரும்வரை, நாம் காத்திருந்தோம். 2016இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது லண்டனில் நீதித்துறைக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்த லிஸ் டிரஸ் நீதிபதிகளுக்காக உடனே குரல் கொடுக்கவில்லை என்பது பிரிட்டிஷ் வழக்கறிஞர்களைக் கொதிப்படையச் செய்தது. அந்தக் கொதிப்பின் அருமை எனக்கு நன்றாகவே புரிகிறது.

விலகல் பற்றிய கேள்விக்கு வருகிறேன். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சாசனத்தில் சேரும் ஆவணத்தை நமது அரசாங்கம் 2019 மார்ச் 4 அன்று கொடுத்தது. ஏப்ரல் 5 அன்று விலகுவதாகப் பிரதமர் துன் மகாதீர் அறிவித்தார். சேர்ந்ததும் விலகியதும் அமைச்சரவையின் முடிவுகளே. அந்தச் சாசனத்தைச் செயல்படுத்தும் உள்நாட்டுச் சட்டம் எதையும் நாடாளுமன்றம் இயற்றியிருக்கவில்லை என்பதால், விலகியதால் யாருடைய சட்ட உரிமையும் மாறவில்லை.

சிங்கப்பூர் பிரிந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். இரு தரப்புத் தலைவர்களும் 1965 ஆகஸ்டு 7 அன்றே பிரிவினை உடன்பாட்டில் கையெழுத்திட்டுவிட்டார்கள். அதோடு காரியம் முடிந்துவிடவில்லை. மலேசியாவின் மாநிலங்களில் ஒன்றாகச் சிங்கப்பூரின் பெயர் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருந்ததால், ஆகஸ்டு 9 அன்று மக்களவை கூடி, எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட இல்லாமல் 126 வாக்குகளால் அரசியலமைப்பைத் திருத்த வேண்டியிருந்தது. ஒரே நாளில் அவசர அவசரமாக நடந்தது என்றாலும், நாடாளுமன்றத்தின் வழியாகத்தான் நடந்தது. மில்லர் வழக்கில் எட்டு நீதிபதிகள் எந்தக் கோட்டைக் கிழித்தார்களோ, அந்தக் கோடு நம் வரலாற்றிலும் இருக்கிறது என்பதே என் எண்ணம்.

கேள்வியாளரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. சிறார் உரிமை உடன்படிக்கையில் மலேசியா 1995இல் சேர்ந்தது; 2001இல் சிறார் சட்டம் இயற்றப்பட்டது. நாளை அந்த உடன்படிக்கையிலிருந்து ஓர் அரசாங்கம் விலக நினைத்தால், நாடாளுமன்றத்தின் அனுமதி வேண்டுமா?

பதில் (வழக்கறிஞர், ஜார்ஜ்டவுன்)

நல்ல கேள்வி. மில்லர் தீர்ப்பை அப்படியே இங்குப் பொருத்தினால், அனுமதி வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். சிறார் சட்டம் தன் சொந்தக் காலில் நிற்கும் சட்டம். உடன்படிக்கையிலிருந்து விலகினாலும் அதன் ஒரு பிரிவுகூட வலுவிழக்காது, நாடாளுமன்றம் நீக்கும்வரை அதை எந்த அமைச்சராலும் நீக்க முடியாது. 1972ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டமோ ஒப்பந்தம் போனதும் உள்ளடக்கம் இல்லாமல் போகக்கூடியதாக இருந்தது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

ஆனால் எல்லா நாட்டு நீதிமன்றங்களும் உரிமை பறிபோகிறதா என்ற அளவுகோலை மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. ரோம் சாசனத்திலிருந்து விலகத் தென்னாப்பிரிக்க அரசாங்கம் 2016 அக்டோபரில் கொடுத்த அறிவிப்பு செல்லாது என்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் 2017 பிப்ரவரி 22 அன்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் சேர நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று அந்நாட்டு அரசியலமைப்பு கூறுவதால், விலகவும் முன்கூட்டியே அந்த ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது அதன் காரணம். அரசாங்கம் அடுத்த மாதமே அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒப்பந்தத்தில் சேருவதற்கே அப்படியொரு நிபந்தனை நம் அரசியலமைப்பில் இல்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்று விரும்புகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் அதற்கு நீதிமன்றத்தை நாடுவதில் பயனில்லை, மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு மக்களவையும் மேலவையும்தான் அதைச் செய்ய முடியும்.